கருவறையின் முதல் உணவு

கருவறையை அரபு மொழி ‘ரஹிம்’ என்கிறது. ‘அர்ரஹ்மான்’ என்னும் திருப்பெயருக்கும் அச்சொல்லுக்கும் வேர் ஒன்றே. அக்கருவறையில் முதல் வாரங்களில் குழந்தை எதை உண்டு வளர்கிறது என்பதை மனிதர் அறிய நெடுங்காலம் ஆயிற்று. அந்த வரலாறு நம் இல்லங்களுக்கும் பயன் தருவது.

மாதவிடாய் நின்று தங்கும் இரத்தமே கருவின் உணவு என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கருதினர். அவர்களைப் பின்பற்றிய அரபு மருத்துவ நூல்களிலும் இக்கருத்து நீடித்தது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, அரசரின் மான்களை அறுத்து ஆராய்ந்தார். இணை சேர்ந்து வாரங்கள் கழிந்தும் கரு எதுவும் அவர் கண்ணுக்குத் தென்படவில்லை. நுண்ணோக்கி வளர்ந்த பின்னரே, கருப்பையின் உட்சுவரில் நுண்குழாய்களைப் போன்ற சுரப்பிகள் இருப்பது தெளிவாயிற்று. கால்நடைகளில் ஊறும் அந்நீரை அறிஞர்கள் ‘கருப்பைப் பால்’ என்றே அழைத்தனர்.

2001-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஆய்வாளர்கள், பிறந்த பெண் ஆட்டுக்குட்டிகளுக்கு ஹார்மோன் செலுத்தி இச்சுரப்பிகள் உருவாகாமல் தடுத்தனர். அவை வளர்ந்து இணை சேர்ந்தபோது கரு நிலைக்கவில்லை. மனிதரில் இச்சுரப்பிகள் பிறப்புக்கு முன்பே அரும்பி, பருவமடையும் காலத்தில் முதிர்கின்றன. 2002-இல் கேம்பிரிட்ஜின் கிரஹாம் பர்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். ஏறத்தாழ முதல் 10 வாரங்கள் தாயின் இரத்தம் நஞ்சுக்கொடிக்குள் தாராளமாகப் பாய்வதில்லை. அதுவரை இச்சுரப்பிகளின் புரதமும் கொழுப்பும் சர்க்கரைப் பொருளுமே கருவை ஊட்டுகின்றன.

அவ்வாரங்களில்தான் பல பெண்கள் தாம் கருவுற்றதையே அறியாதிருக்கின்றனர். 1987-இல் தொடங்கி, பின்னர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் அறியப்படும் தமிழக மகப்பேறு உதவித் திட்டமும், 2018-இல் தொகை 18,000 ரூபாயாக உயர்ந்தபோது, முதல் தவணைக்கு 12 வாரங்களுக்குள் பதிவு செய்வதை நிபந்தனையாக வைத்தது. பொதட்டூர்பேட்டையின் நெசவுக் குடும்பமாயினும் கும்மிடிப்பூண்டியின் ஆலைத் தொழிலாளர் குடும்பமாயினும், நாள் தள்ளியதும் சுகாதாரச் செவிலியரை நாடுவதே நன்று.

இவ்வரலாறு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பை விட மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. வயிறு தெரியாத மாதங்களிலும் அச்சலுகை அவளுக்கு உண்டு, “இப்போதே என்ன?” என்று கேட்க நமக்கு உரிமையில்லை. அடுத்து, ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதி, குரோமோசோம் குறைகளால் கலைகின்றன. குடம் தூக்கினாள், படி ஏறினாள் என்று மருமகளைப் பழிப்பது அநீதி. அவள் இழந்தது அவளுடைய குழந்தையை. நம்மிடம் அவள் பெற வேண்டியது ஆறுதலே.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.