ஜேக்வெரி.ஐஎம்இ

வலைப்பக்கங்களில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளைத் தட்டச்சிட உதவும் கட்டற்ற செருகுநிரல். ஜேக்வெரி நூலகத்தின் மேல் இயங்குவது; விக்கிமீடியா அறக்கட்டளையின் மொழிப் பொறியியல் குழு 2012இல் உருவாக்கியது.

மொழிக்குரிய எழுத்துகள் மையநிரலில் இல்லை. ஒவ்வொரு விசைப்பலகைக்கும் தனி விதிக்கோப்பு. அதில் ஆக்கியவர், உரிமம், பதிப்பு, எழுத்து மாற்றங்கள் எல்லாம் வகுத்த ஒழுங்கில் அமைய வேண்டும். தமிழுக்குத் தமிழ்99, பாமினி, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு எனப் பல கோப்புகள் உண்டு. பழகிய கையை மாற்றச் சொல்லாத இந்த ஏற்பாடு பெரிதும் பாராட்டத்தக்கது.

தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 முறையில், ககர விசையை இருமுறை தட்டினால் ‘க்க’ வர வேண்டும். ஆகவே செருகுநிரல் முன்பு விழுந்த எழுத்தையும் திரும்பிப் பார்க்கிறது. எத்தனை விசை பின்னோக்கிப் பார்ப்பது என்பதை விதிக்கோப்பே குறிக்கிறது. ஒரு புள்ளி தவறினாலும் சொல் கெடும் என்பதால், விதிகளுடன் சோதனைச் சொற்களும் எழுதி வைக்கப்படுகின்றன.