தமிழில் வைத்தியங் கற்பித்த மானிப்பாய்

உயர்ந்த தொழிற்கல்வியைத் தாய்மொழியிற் கற்பித்தல் இயலுமா என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அதற்குச் செயலால் விடை கண்டார் ஒருவர்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். 1848 முதல் மானிப்பாயில் நோய் தீர்ப்பதோடு இளைஞர்க்கு வைத்தியமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலமே போதனாமொழி. ஆயின் அவ்வாறு கற்றோர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். கல்வியின் பயன் ஊரிலே தங்கவேண்டுமெனின், அக்கல்வி ஊரவர் மொழியில் அமைதல் வேண்டுமென அவர் துணிந்தார்; 1860களில் தமிழிலே கற்பிக்கலானார்.

கற்பித்தற்கு நூல்கள் வேண்டுமன்றோ? ‘இரண வைத்தியம்’ 1867 இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும், ‘கெமிஸ்தம்’ 1875 இலும் வெளிவந்தன. வடசொற்களை வேண்டியவாறு எடுத்தாண்டும், பிறமொழிச் சொற்களைத் தமிழொலிக்கு இயைய மாற்றியும் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. அவரிடம் பயின்றோர் 60 பேருக்கு மேற்பட்டவர். 1873 இல் தாயகம் திரும்பிய கிறீன் 1884 இற் காலமானார்.

அம்முயற்சி அவருக்குப்பின் நிலைபெறவில்லை. 1870 இற் கொழும்பில் தொடங்கிய வைத்தியக் கல்லூரியும், 1978 இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய மருத்துவபீடமும் ஆங்கிலத்தையே போதனாமொழியாகக் கொண்டன. நூலின்மையோ மொழியின் வறுமையோ இதற்குக் காரணமன்று. உத்தியோகத்தின் மொழி ஆங்கிலமாயிருந்தமையே காரணம் எனலாம்.

வைத்தியராக விழையும் மாணவர் ஒன்றை மறத்தலாகாது. எம்மொழியிற் பயின்றாலும், இங்குள்ள நோயாளன் தன் நோவைத் தமிழிலேதான் சொல்வான். அதற்குத் தமிழில் விடை கூறும் ஆற்றலே கிறீன் நமக்கு விட்டுச்சென்ற கடன்.