பூட்டு திறந்தது, தண்டவாளம் மாறவில்லை



போன வாரம் ஒரு பழைய மாணவன் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டான் (பெயர் வேண்டாம், கடைசி பெஞ்ச்). "சார், ஊருக்கு வாறேன். ஒரு போன் கொண்டு வரட்டா? அன்லாக்ட் போன்தான், எந்த சிம்மும் போடலாம்" என்றான். "வேண்டாம் மக்கா" என்று நான் சொன்ன வேகத்தில் அவனுக்கு முகம் வாடியிருக்கும். அவனுக்காகத்தான் இந்தப் பதிவு. வரலாற்று வாத்தியார் என்பதால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017 நவம்பர் 30, ஓகி புயல். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சுசீந்திரத்தில் தென்னையும் வாழையும் சாய்ந்து கிடந்தன, கரண்ட் இல்லை. அன்று ராத்திரி அக்காவுக்கு மூச்சுத்திணறல் வந்துவிட்டது. ஆவி பிடிக்கும் மெஷின் கரண்ட் இல்லாமல் சும்மா இருந்தது. என் கையில் சொந்தக்காரப் பையன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து தந்த புது போன். அதில் ஒரே ஒரு கம்பெனியின் சிம்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அந்த டவர் செத்துப்போயிற்று. மேசையில் கிடந்த இன்னொரு கம்பெனி சிம்மை எடுத்துப் போட்டேன். 'சேவை இல்லை'. பக்கத்து வீட்டு அம்மாளின் பழைய பட்டன் போனிலும் அதே இரண்டாவது கம்பெனி சிம்தான். அதில் இரண்டு கோடு தெரிந்தது! அந்தப் போனில்தான் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டோம். மரம் விழுந்த ரோட்டில் அவர் எப்படியோ வந்து சேர்ந்தார். அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆயிரம் ரூபாய் போனில் எடுத்தது என் போனில் ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

1979 ஏப்ரலில் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரி வரை ரயில் வந்தது. 1981-ல் திருநெல்வேலிக்கும் இணைப்பு கிடைத்தது. நம் பாதை அகலப்பாதை, 1,676 மில்லிமீட்டர். நெல்லைக்கு வடக்கே சென்னை போகும் பாதை அப்போது மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர். நம் வண்டியை யாரும் அங்கே தடுக்கவில்லை. ஆனால் சக்கரம் அந்தத் தண்டவாளத்தில் உட்காராது. பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வண்டி மாறினோம். 'அன்லாக்' என்பது கேட்டைத் திறந்துவிடுவது மட்டும்தான். சக்கரத்தை மாற்றுவது வேறு வேலை.

சிம்முக்குள் நாட்டையும் கம்பெனியையும் குறிக்கும் எண் இருக்கிறது. இந்தியாவுக்கு 404, 405. தவணைக்குப் போன் கொடுத்த அமெரிக்க கம்பெனி, தன் எண் இல்லாத சிம்மை ஏற்காதே என்று போனுக்குள் கட்டளை எழுதி வைக்கும். அதுதான் பூட்டு. 2014-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், அதைத் திறந்துகொள்ளும் உரிமையை அங்குள்ளவர்களுக்கு மீட்டுக் கொடுத்தது. ஆனால் போன் எந்த அலைவரிசையைக் கேட்கும் என்பது உள்ளே வைத்திருக்கும் பாகங்களைப் பொறுத்தது. சட்டம் போட்டாலும் பாகம் முளைக்காது.

அலைவரிசை ஏன் ஊருக்கு ஊர் மாறியது? ஐரோப்பிய நாடுகள் ஒன்றாக உட்கார்ந்து ஜிஎஸ்எம் என்ற ஒரே முறையைப் பேசி முடித்தன. 1991-ல் பின்லாந்தில் முதல் அழைப்பு. அவர்களுக்கு 900, பிறகு 1800 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் அந்த 900 வேறு வேலைக்குப் போயிருந்ததால் செல்போனுக்கு 850-ம் 1900-ம் கிடைத்தன. எந்த முறை என்று அரசாங்கமும் கட்டாயப்படுத்தவில்லை. குவால்காம் கம்பெனியின் சிடிஎம்ஏ அங்கே வேரூன்றியது. நாம் ஐரோப்பா பக்கம் போனோம். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமிடம் பேசியது ஜிஎஸ்எம் போனில்தான்.

ஆனால் நம் நாட்டில் கதை அதோடு நிற்கவில்லை. 2002 டிசம்பர் 28 அன்று ரிலையன்ஸ் சிடிஎம்ஏ சேவையைத் தொடங்கியது. டாடா இண்டிகாமும் அதே முறைதான். 2003-ல் 501 ரூபாய் கட்டினால் போன் என்று அறிவித்தபோது நம் ஸ்டாஃப் ரூமில் நடந்த பேச்சு சிலருக்கு நினைவிருக்கும். அந்தப் போனில் சிம்மே கிடையாது, நம்பரைப் போனுக்குள்ளேயே எழுதிவிடுவார்கள். கம்பெனி பிடிக்கவில்லையென்றால் போனைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பூட்டு தனியாக எதற்கு, வீட்டுக்குக் கதவே வைக்கவில்லையே! அந்த சிடிஎம்ஏ கம்பெனிகளுக்கு அரசு கொடுத்த இடம், அமெரிக்கர்கள் பயன்படுத்திய அதே 850 பக்கம்.

எனக்கு விடை கிடைத்தது இங்கேதான். சிடிஎம்ஏ மறைந்த பிறகு அந்த 850-ல் 4ஜி வந்தது. பையன் தந்தது விலை குறைந்த அமெரிக்க போன். அதன் 2ஜி, 3ஜி எல்லாம் 850, 1900. நம்மூர் 2ஜி-யோ 900, 1800. அதன் 4ஜி-யில் நம் நாட்டோடு ஒத்துப்போன ஒரே இடம் அந்த 850. பாவம், அது அத்தனை நாளும் ஒற்றைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. புயலில் அந்தத் திண்ணையும் போயிற்று. விலை கூடிய போன்களில் பெரும்பாலும் எல்லா அலைவரிசையும் இருக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

அலைவரிசை பொருந்தினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. 2016 செப்டம்பர் 5 அன்று வந்த ஜியோவுக்கு 2ஜி-யும் இல்லை, 3ஜி-யும் இல்லை. பேச்சும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு வோல்ட்இ என்று பெயர். போனுக்கு அது தெரியாவிட்டால் இன்டர்நெட் ஓடும், அழைப்பு போகாது. ஆப் வைத்துத்தான் பேச வேண்டும். அமெரிக்காவில் இப்போது இதே கதை. ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் 3ஜி-யை மூடியபோது, தன் பட்டியலில் உள்ள போன்களைத்தான் ஏற்பேன் என்றது. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் நம் ஆட்கள் இங்கே நன்றாக ஓடும் போனைக் கொண்டுபோய் அங்கே விழிப்பது இதனால்தான்.

எனக்கு நம் அஞ்சல் ஞாபகம் வந்தது. திருவிதாங்கூரில் நாம் இருந்த காலத்தில் சங்கு முத்திரை போட்ட அஞ்சல் வில்லை, 1888-லிருந்து. சக்கரக் கணக்கில் காசு கொடுத்து வாங்கிய செல்லுபடியான வில்லைதான். ஆரல்வாய்மொழி தாண்டி பிரிட்டிஷ் தபாலில் போட்டால் அது வெறும் வண்ணக் காகிதம். 1951-ல் இரண்டு தபாலும் ஒன்றானபிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆகவே மக்கா, போன் கொண்டு வருவதாக இருந்தால் வாங்குவதற்கு முன் அதன் மாடல் எண்ணை எனக்கு அனுப்பு. ஒரே பெயரில் அமெரிக்காவுக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று என்று செய்கிறார்கள். பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும். 900, 1800, 2100, 2300 இருக்கிறதா, இங்குள்ள கம்பெனிகளுக்கு வோல்ட்இ உண்டா என்று பார்த்துச் சொல்கிறேன். இல்லாவிட்டால் நேந்திரங்காய் வத்தல் வாங்கிப் போக வெறும் பையோடு வா, போதும்.

இன்னொன்று. அந்த 501 ரூபாய் போன் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். என்னுடையதை அக்கா பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டாள்.