மூச்சு நின்ற தேதியும் கஜானாக் கணக்கும்

இறந்துபோன அப்பா பெயரில் "அதிகமாகக் கொடுத்த பென்ஷனைத் திருப்பிக் கட்டவும்" என்று ஒரு கடிதம் வந்தால் முதலில் கோபம் வரும், அடுத்து பயம் வரும். எங்கள் வீட்டுக்கும் வந்தது. அப்பா சித்தூர் மாவட்டத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிக் காலத்தில் திருப்பதியில் இருந்தார். நான் இருப்பது அமெரிக்காவில். அம்மா போனில் படிக்கப் படிக்க எழுதிக்கொண்டேன். கடிதத்தில் ஒரே ஒரு தொகைதான். ஆனால் அதற்குள் இரண்டு வேறு வேறு பாக்கிகள் இருந்தன. அவற்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள நூற்றைம்பது வருஷம் பின்னால் போக வேண்டியிருந்தது. வாங்க, போய்ப் பார்ப்போம்.

சித்தூர்ப் பக்கம் கம்பெனி நிர்வாகத்துக்குப் போனது 1801-ல், கர்நாடக நவாபுடன் போட்ட ஒப்பந்தத்தால். ஆட்சி கம்பெனிக்கு, நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு. இப்படி ஆட்சியை இழந்தவர்கள், அவர்களுடைய குடும்பத்தார், பழைய மானியக்காரர்கள் என்று பட்டியல் இந்தியா முழுக்க நீண்டுகொண்டே போனது. இதையெல்லாம் ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவந்ததுதான் 1871-ம் வருஷத்து 23-வது சட்டம், அதாவது பென்ஷன் சட்டம். பென்ஷனைக் கொடுக்க வேண்டியவர் கலெக்டர் (8-வது பிரிவு). கடன்காரன் அதை ஜப்தி செய்ய முடியாது (11). முன்கூட்டியே அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்தால் செல்லாது (12). எல்லாம் நல்லதுதான். ஆனால் பென்ஷனுக்காகக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கலெக்டரிடமே சான்றிதழ் வாங்கி வர வேண்டும்! அதாவது, சர்க்கார் மனமிரங்கிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு பேசாமல் போ என்று அர்த்தம்.

அந்தக் காலத்து முறை எளிமையானது. பென்ஷன்காரர் கஜானாவுக்கு நேரில் போய் நிற்க வேண்டும். நடமாட முடியாதவர்கள், வெளியில் வராத பெண்கள் போன்றவர்கள் மட்டும் 'உயிரோடு இருக்கிறார்' என்ற சான்றிதழை அனுப்பலாம். செத்தவர் வந்து வரிசையில் நிற்க முடியாது. அதனால் ஆள்மாறாட்டம் செய்தால் ஒழிய, இறந்தவருக்குப் பணம் போகாது.

பென்ஷன் வங்கிக் கணக்கில் தானாக விழ ஆரம்பித்ததும் இது தலைகீழானது. வருஷத்துக்கு ஒரு தடவை உயிர்ச் சான்றிதழ். (2014 நவம்பரில் வந்த ஜீவன் பிரமாண் அதையும் கைரேகை வைத்து இருந்த இடத்திலிருந்தே கொடுக்க வைத்தது.) இறப்பைப் பதிவு செய்ய 1969-ம் வருஷத்துச் சட்டப்படி 21 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு சான்றிதழ் வாங்கி, வங்கிக்கும் கஜானாவுக்கும் கொடுத்து, அவர்கள் நிறுத்துவதற்குள் ஒன்றிரண்டு மாதப் பென்ஷன் விழுந்துவிடும். இதில் யாரும் திருடர் இல்லை. முறையே அப்படித்தான்.

கடிதத்தில் இருந்த முதல் பாக்கி இதுதான். இதற்குப் பதில் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவில் இருக்கிறது: தவறுதலாக வந்த பணத்தை வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் தேதியைச் சரிபார்க்க வேண்டும். நம் ஊரில் இறந்த நாள் வரைக்கும் பென்ஷன் உண்டு, மறுநாளிலிருந்து குடும்பப் பென்ஷன். அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி இதைவிடக் கறார். மாதம் முழுக்க உயிரோடு இருந்தால்தான் அந்த மாதப் பணம். 30-ம் தேதி போனாலும் பூஜ்யம்தான்!

இரண்டாவது பாக்கி வேறு ஜாதி. அப்பா உயிரோடு இருந்தபோதே பல வருஷமாகத் தப்பாகக் கணக்குப் போட்டு அதிகமாகக் கொடுத்துவிட்டார்களாம். எங்கள் ஊரில் இப்படி நடக்க வாய்ப்பு அதிகம். சித்தூர் மாவட்டம் 1911-ல் உருவானது. மதராஸ் மாகாணத்தில் இருந்து, 1953-ல் ஆந்திராவுக்கும் 1956-ல் ஆந்திரப் பிரதேசத்துக்கும் போனது. 2014-ல் தெலங்கானா பிரிந்தபோது பென்ஷன் பொறுப்பைக்கூட மக்கள்தொகைப்படி 58.32-க்கு 41.68 என்று பங்கு போட்டார்கள். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. வீடு மாறாதவர்களுக்கும் அரசு மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சம்பளக் கமிஷனுக்கும் கணக்கு மறுபடி போடப்பட்டது.

இங்கேதான் சுப்ரீம் கோர்ட் முக்கியமாகிறது. பென்ஷன் பிச்சையல்ல, உரிமை என்று 1971-ல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கிலும் 1982 டிசம்பர் 17-ல் நகாரா வழக்கிலும் சொன்னது. அந்த டிசம்பர் 17-தான் பென்ஷனர் தினம். 2014 டிசம்பர் 18-ல் ரஃபீக் மசீஹ் வழக்கில், அதிகாரிகளின் தவறால் போன பணத்தை எப்போது பிடிக்கக் கூடாது என்று பட்டியல் போட்டது. கடைநிலை ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஐந்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து போன பணம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில், "அதிகம் வந்தால் திருப்பித் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்றது. வங்கிகள் வாங்கும் உறுதிமொழிக் கடிதத்தில் வாரிசுகளையும் கட்டிப்போடும் வாசகம் உண்டு. ஆகவே கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கோர்ட் தீர்ப்பே வந்தாலும், இறந்தவரின் கடனுக்கு வாரிசு பொறுப்பாவது கைக்கு வந்த சொத்து அளவுக்குத்தான் (1908 சிவில் நடைமுறைச் சட்டம், 50-வது பிரிவு).

நாங்கள் இரண்டு கடிதம் எழுதினோம். முதலாவதில், இறந்த மறுநாள் முதல் விழுந்த தொகையைத் திருப்பி, ரசீது கேட்டோம். இரண்டாவதில், வருஷவாரியாகக் கணக்குத் தாளும் உறுதிமொழிக் கடிதத்தின் நகலும் கேட்டோம். அம்மாவின் குடும்பப் பென்ஷனை இதோடு முடிச்சுப் போட வேண்டாம் என்றும் எழுதினோம். அது அப்பாவின் பாக்கி இல்லை, 1964-ம் வருஷத்து விதிகளிலிருந்து அம்மாவுக்கே உள்ள உரிமை. அது வர ஆரம்பித்துவிட்டது. கணக்குத் தாள் இன்னும் வரவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர், "கட்டிடும்மா, ஏன் தலைவலி?" என்று பணத்தை அனுப்பிவிடுவோம். முதல் பாக்கிக்கு அது சரி, கட்டித்தான் ஆக வேண்டும். இரண்டாவதற்கு அப்படியில்லை. முப்பது வருஷம் வேலை பார்த்தவர், அடுத்தவர் போட்ட தப்புக் கணக்குக்குக் கடன்காரராகப் போய்ச் சேர்ந்தார் என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பணம் அவர் இருந்தபோது வந்ததா, போன பிறகு வந்ததா?