கலைக்களஞ்சியமும் தன்னலமும்

பினாங்குத் தீவின் மலைகளிலிருந்து இறங்கிவரும் ஆயர் ஈத்தாம் முதலிய சிற்றாறுகளைச் சேர்த்துக்கொண்டு, ஜார்ஜ் டவுன் நகர்ப்பகுதியினூடே ஓடிக் கீழைக் கடற்கரையில் கலப்பது சுங்கை பினாங். மலாய்மொழியில் சுங்கை என்பது ஆறு. பினாங் என்பது பாக்கு. பாக்கின் பெயரால் தீவு வழங்குவது போலவே ஆறும் வழங்குகிறது. ஆற்றின் பெயரால் அதன் கரையிலுள்ள வட்டாரமும் அழைக்கப்படுகிறது. இவ்வட்டாரத்தின் வரலாற்றை எழுதிவரும்படி ஆசிரியர் ஒருவர் பணித்தால், இன்றைய மாணவன் முதலில் நாடுவது இணையத்தில் உள்ள விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தையே. அங்குக் கண்டதை அப்படியே ஏட்டில் எழுதிக்கொள்கிறான். அதனை எழுதியவர் யார், எழுதப்பட்ட பொருளோடு அவருக்கு உள்ள தொடர்பு யாது என்று அவன் வினவுவதில்லை.

வினவ வேண்டிய வினா இது. ஒரு பொருளால் பயனடைகின்றவரே அப்பொருளைப் பற்றிய பொதுநூலை எழுதவும் திருத்தவும் உரிமை பெற்றிருப்பதை நலமுரண் என்பர். அவர் பொய் எழுதினார் என்பது இதன் பொருளன்று. அவர் எழுதியதை ஆராயாமல் ஏற்க இயலாது என்பதே பொருள்.

தீவின் முதல் ஏடுகள்

பினாங்கு மக்களுக்கு இச்சிக்கல் புதியதன்று. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்ட பிரான்சிஸ் லைட், அதன் முதற் கண்காணிப்பாளர். அவரே ஜேம்ஸ் ஸ்காட் என்பவரோடு கூட்டுச் சேர்ந்த வணிகரும் ஆவார். தீவை விட்டுக்கொடுத்த கெடா சுல்தான் அப்துல்லா, பகைவர் தாக்கினால் கம்பெனி தமக்குப் படைத்துணை தரும் என்று எதிர்பார்த்தார். அத்துணை கிடைக்கவில்லை. 1791இல் போர் மூண்டது, சுல்தான் தோற்றார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி பெற்றுக்கொள்ளும் உடன்படிக்கையோடு அவர் அமைய நேர்ந்தது.

நடந்தவற்றையெல்லாம் கம்பெனியின் மேலிடத்துக்கு எழுதி அனுப்பியவர் லைட்டே. வாக்குறுதி எந்த அளவில் தரப்பட்டது என்பதற்கு அவர் கடிதத்தை மட்டும் சான்றாகக் கொண்டால், வழக்காடுவோருள் ஒருவரின் வாய்மொழியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்கியதாக முடியும். நல்வாய்ப்பாக, அவருக்கு மலாய் மன்னரும் வணிகரும் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்கள் இலண்டனில் கீழை ஆப்பிரிக்க ஆய்வியற் பள்ளியின் நூலகத்தில் உள்ளன. வரலாற்று ஆசிரியர்கள் லைட்டின் எழுத்தைத் தள்ளிவிடவில்லை. மறுபக்கத்துச் சான்றோடு ஒப்பிட்டுப் படிக்கின்றனர். நலமுரண் உடையவர் எழுத்தைப் பயன்படுத்தும் முறை இதுவே.

பாயிரம் கூறும் நெறி

தமிழிலக்கண ஆசிரியர்கள் இச்சிக்கலை நன்கு அறிந்திருந்தனர். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில், எத்துணைப் பெரிய நூலைச் செய்தவரும் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்ளுதல் தகாது என்கிறார். ஆதலின், நூலின் சிறப்புப்பாயிரத்தைப் பிறர் செய்ய வேண்டும். அப்பிறர் யாவர் என்பதையும் வரையறுக்கிறார். நூலாசிரியருக்குக் கற்பித்த ஆசிரியர், அவரோடு உடன்கற்றவர், அவருடைய மாணாக்கர், தகுதியுடைய உரைகாரர் என நால்வர்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. ஆசிரியரும் உடன்கற்றவரும் மாணாக்கரும் நூலாசிரியருக்கு வேண்டியவர்களே. நடுநிலையாளர் என்று அவர்களைச் சொல்வதற்கில்லை. எனினும் அவர்களை இலக்கணம் விலக்கவில்லை. அறிந்தவரே எழுத முடியும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் அவர்களுடைய தொடர்பு மறைபொருளாக இருப்பதில்லை. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு உடன்கற்றவர் என்னும் செய்தியை உரைகள் வழியாக மாணவர் அனைவரும் அறிவர். பாயிரம் உணர்த்த வேண்டிய செய்திகளுள் முதலாவதாக எண்ணப்படுவது நூல் செய்தவரின் பெயர்; நூல் அரங்கேறிய களமும் உடன் எண்ணப்படுகிறது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசிரியர் முன்னிலையில் அரங்கேறியது என்று அப்பாயிரமே கூறுகிறது.

எழுதியவர் பெயர் தெரிதல், அவர் தொடர்பு தெரிதல், அறிந்தோர் அவையின் ஆய்வுக்கு உட்படுதல் ஆகிய மூன்றையும் ஒரு பொதுநூலுக்குரிய காப்புகள் எனலாம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் என்ன நேரும் என்பதைக் கலைக்களஞ்சியங்களின் வரலாறு காட்டுகிறது.

அச்சகத்தில் நடந்த திருத்தம்

பிரெஞ்சு நாட்டில் தீதரோவைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட பெருங் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1751இல் வெளிவந்தது. அரசும் திருச்சபையும் அதனை ஐயத்தோடு நோக்கின. 1759இல் அதன் வெளியீட்டு உரிமை நீக்கப்பட்டது. எஞ்சிய தொகுதிகள் மறைவாக அச்சாயின. 1764ஆம் ஆண்டு நவம்பரில், அச்சான தாள்களுள் தாம் எழுதிய கட்டுரை ஒன்றைத் தேடிப் பார்த்த தீதரோ, அது சிதைக்கப்பட்டிருக்கக் கண்டார். பிற கட்டுரைகளைப் புரட்டினார். அவற்றிலும் பல பகுதிகள் வெட்டப்பட்டிருந்தன.

வெட்டியவர் பகைவர் அல்லர். அரசின் தணிக்கை அதிகாரியும் அல்லர். அந்நூலை அச்சிட்டு வெளியிட்ட லெ பிரெத்தோன் என்பவரே அவர். தீதரோ பிழைதிருத்தி ஒப்பமளித்த பின்னர், அரசுக்குச் சினமூட்டக்கூடும் என்று தமக்குத் தோன்றிய பகுதிகளை ஒருவருக்கும் தெரியாமல் நீக்கிவந்தார். அவர் இட்ட முதல் பெரிது. சிறைப்படும் அச்சமும் இருந்தது. அவருடைய அச்சத்தில் பொருள் இல்லாமலில்லை. ஆயினும் நூலைப் படிப்பவர் தீதரோவின் குரலைக் கேட்பதாக எண்ணிக்கொண்டு, அச்சக உரிமையாளரின் அச்சத்தையே படிக்க நேர்ந்தது. தீதரோ சீற்றத்தோடு ஒரு கடிதம் எழுதினார். எனினும் பணியை நிறைவு செய்தார்.

திருத்தங்களின் சுவடு எளிதில் கிடைக்கவில்லை. வெட்டுக்குறிகளோடு கூடிய மெய்ப்புத்தாள்களின் தொகுப்பு ஒன்று பிற்காலத்தில் கைக்கு வந்தது. அதனைக்கொண்டு அழிந்த பகுதிகளை மீட்டுக் கார்டன், டோரி என்னும் இரு அறிஞர் 1947இல் நூலாக வெளியிட்டனர். உள்ளிருந்த ஒருவர் செய்த திருத்தத்தை உலகம் சரிவரக் காண ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆயின.

அரசே பதிப்பாளராக இருந்த இடத்தில் நிகழ்ந்ததும் அறியத்தக்கது. சோவியத்து நாட்டின் காவல்துறைத் தலைவராக விளங்கிய லவ்ரெந்தி பெரியா 1953இல் பதவி வீழ்ந்து கொல்லப்பட்டார். சோவியத்துப் பெருங் கலைக்களஞ்சியத்தில் அவரைப் பாராட்டும் கட்டுரை முன்னரே அச்சாகியிருந்தது. அப்பக்கங்களை வெட்டி நீக்குமாறு சந்தாதாரர்களுக்கு அறிவுரை வந்தது. அவ்விடத்தில் ஒட்டிக்கொள்ளப் பேரிங் கடல் முதலியவற்றைப் பற்றிய பக்கங்களும் வந்தன. நூலின் உரிமையாளர் விரும்பினால் நேற்றைய உண்மை இன்று கடலாகிவிடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

சுவடு மறையாத ஏடு

2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் தொடங்கிய விக்கிப்பீடியா இவ்வகையில் ஒரு புதுமையைக் கொணர்ந்தது. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். அதனினும் பெரிய புதுமை, ஒவ்வொரு பக்கத்தின் பின்னும் அதன் திருத்த வரலாறு நிற்பதாகும். எந்நாளில், எந்தக் கணக்கின் பெயரால், எந்தச் சொல் சேர்ந்தது, எது நீங்கியது என்று எவரும் காணலாம். லெ பிரெத்தோனின் தாள்கள் அன்றைக்கன்றே பொதுமன்றில் வைக்கப்பட்டதற்கு இஃது ஒப்பாகும்.

இதன் பயன் விரைவில் விளங்கியது. விக்கிப்பீடியாவை நிறுவியவருள் ஒருவராகிய ஜிம்மி வேல்ஸ், 2005இல் தம்மைப் பற்றிய கட்டுரையில் தாமே திருத்தம் செய்தார். லாரி சாங்கர் என்பவரை இணைநிறுவனர் என்று கூறிய இடங்கள் நீங்கின. அவ்வாண்டு டிசம்பரிலேயே அது வெளிப்பட்டது. வேல்சும் அதற்காக வருந்தினார். 2007இல் வர்ஜில் கிரிபித் என்பவர் ஆக்கிய ஒரு கருவி, பெயரில்லாமல் செய்யப்பட்ட திருத்தங்கள் எந்த நிறுவனத்துக் கணினிகளிலிருந்து வந்தவை என்பதைக் காட்டியது. வாக்குப்பதிவு இயந்திரங்களைச் செய்த டைபோல்டு நிறுவனத்தின் கணினியிலிருந்து, அவ்வியந்திரங்களைப் பற்றிய குறைகூறும் பகுதிகள் நீக்கப்பட்டமை அப்பொழுது தெரியவந்தது. 2012இல் பிரித்தானிய விக்கிமீடியா அமைப்பின் அறங்காவலர் ஒருவர், ஜிப்ரால்டர் அரசின் சுற்றுலாத் திட்டத்துக்கு ஊதியம் பெறும் ஆலோசகராக இருந்த செய்தி கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அவர் தம் தொடர்பை மறைக்கவில்லை. ஆயினும், ஜிப்ரால்டரைப் பற்றிய செய்திகள் முதற்பக்கத்தில் அடுத்தடுத்து இடம்பெற்றபோது, பொதுப்பணியும் ஊதியப்பணியும் ஒருவர் கையில் இருப்பது பொருந்தாது என்று பிறர் கருதினர். அவர் பதவி விலகினார். ஊதியம் பெற்று எழுதுவோர் அதனை வெளியிட்டுரைத்தல் வேண்டும் என்னும் விதியை 2014இல் விக்கிமீடியா நிறுவனம் தன் பயன்பாட்டு நெறிகளில் சேர்த்தது.

இந்தியாவில் கண்ட பாடம்

சுவடு இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதை இந்தியாவில் நிகழ்ந்த ஒன்று உணர்த்துகிறது. இந்தியத் திட்டமிடல் மேலாண்மைக் கழகம் 1973இல் தொடங்கப்பெற்றுப் பல நகரங்களில் கிளை பரப்பிய தனியார் கல்வி நிறுவனம். நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்து மாணவரை ஈர்த்தது. அதன் பட்டங்களுக்கு உரிய அரசு அமைப்புகளின் ஏற்பு இருக்கவில்லை. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம், மேலாண்மைப் பட்டங்களைக் குறிக்கும் சொற்களைப் பயன்படுத்த அந்நிறுவனத்துக்குத் தடை விதித்தது.

இந்நிறுவனத்தைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையைப் புனைபெயர் கொண்ட ஒருவர் பல ஆண்டுகள் திருத்திவந்தார். குறைகூறும் செய்திகள் நீங்கின. புகழும் செய்திகள் நிலைபெற்றன. அவர் வழிப்போக்கர் அல்லர். 2010இல் விக்கிப்பீடியாவின் நிர்வாகிகளுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். விதிகளை நன்கு கற்றவர் ஆதலின், ஒவ்வொரு நீக்கத்துக்கும் ஒரு விதியைக் காட்டும் திறம் அவருக்கு இருந்தது. ஐயங்கள் முன்னரே எழுந்தும் முடிவு வரக் காலமாயிற்று. 2015ஆம் ஆண்டு பிப்ரவரியில் விக்கிப்பீடியாவின் நடுவர் குழு அவரை விலக்கியது. அவர் இன்னார் என்பது பொதுவில் நிறுவப்படவில்லை.

திருத்தங்கள் யாவும் நாள்தோறும் எல்லோர் கண்முன்னும் கிடந்தவையே. பார்ப்பவர் இல்லாமையால் அவை இருந்தும் இல்லாதனவாயின. அவ்விடைக்காலத்தில் கல்லூரி தேடிய மாணவர்களும், கடன் வாங்கிக் கட்டணம் செலுத்திய பெற்றோரும் அக்கட்டுரையை நடுநிலை நூலென்று நம்பிப் படித்திருக்கக்கூடும். கலைக்களஞ்சியப் பிழை ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. அது வீட்டுப் பொருளையும் இளமைக் காலத்தையும் விழுங்கவல்லது.

தமிழ் ஏடுகளின் நிலை

தமிழில் இத்துறை நெடுநாள் உழைப்பால் வளர்ந்தது. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் 1902இலும், சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இலும் வெளிவந்தன. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையைப் பல நூறு பேர் நோக்கக்கூடும். தமிழில் ஒரு சிற்றூர்க் கோயிலையோ பள்ளியையோ சங்கத்தையோ பற்றிய கட்டுரையை எழுதியவர் ஒருவராகவும், திருத்திப் பார்ப்பவர் எவரும் இலராகவும் இருத்தல் இயல்பு. அவையின்றி அரங்கேறிய நூலாக அது நின்றுவிடுகிறது.

பினாங்கு போன்ற ஊர்களில் இடர்ப்பாடு மேலும் ஒன்று உண்டு. தமிழர் நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் குடமுழுக்கு மலர்களிலும் ஆண்டுவிழா மலர்களிலும்தான் எழுதப்பட்டிருக்கிறது. அம்மலர்களைத் தொகுப்பவர் அந்நிறுவனத்தாரே. நிதி தந்தவர் பெயர் அவற்றில் இருக்கும். கருத்து வேறுபட்டுப் பிரிந்தவர் பெயர் இருப்பது அரிது. மலரில் உள்ளது கலைக்களஞ்சியத்தில் ஏறினால், ஒரு குழுவின் நினைவு ஊரின் வரலாறாக மாறிவிடுகிறது. அடுத்த மலரை எழுதுபவர் அக்கலைக்களஞ்சியத்தையே சான்றாகக் காட்டுவார். தான் சொன்னதைத் தானே சான்றாக்கும் இவ்வட்டம் ஒருமுறை சுற்றிவிட்டால் அறுப்பது கடினம்.

இதற்காக நிறுவனத்தார் எழுதவே கூடாது என்று விலக்குவதும் பொருந்தாது. கோயிலின் பழைய கணக்கேடும், பள்ளியின் முதற் சேர்க்கைப் பதிவேடும் அவர்கள் கையிலேயே உள்ளன. அவர்கள் வாய் மூடினால் வரலாறும் மூடிவிடும். அவர்கள் தம் தொடர்பை வெளிப்படக் கூறி, தாம் அறிந்தவற்றைக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் வைக்கலாம். தொடர்பில்லாத ஒருவர் அவற்றைப் பழைய செய்தித்தாள்களோடும் ஆவணக் காப்பகத்துப் பதிவுகளோடும் ஒப்பிட்டுக் கட்டுரையில் சேர்க்கலாம். சிறப்புப்பாயிரத்தைப் பிறர் செய்க என்ற பழைய நெறியும் இதுவே.

அவையாக அமரத்தக்கவர் தமிழாசிரியர்கள். வகுப்பில் ஒரு கட்டுரையைப் படிக்கும்போது, அதன் வரலாற்றுப் பக்கத்தையும் திறந்து காட்ட ஒரு பாடவேளை போதும். எழுதிய கணக்கு எது, அது வேறு எவற்றை எழுதியுள்ளது, நீக்கப்பட்ட வரிகள் யாவை, காட்டப்பட்ட சான்று வெளியாருடையதா உள்ளாருடையதா என்னும் நான்கு வினாக்களை மாணவர் கேட்கப் பழகினால், சுங்கை பினாங்கைப் பற்றி ஏட்டில் எழுதுமுன் ஒருமுறை நின்று நோக்குவர். தீதரோவின் படிப்பாளிகளுக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. இன்றைய மாணவனுக்கு அஃது ஒரு சொடுக்கில் கிடைக்கிறது.