குரத்தியரும் கவுந்தியும்: தமிழகச் சமணப் பெண் துறவியர் வரலாற்றிலும் வெகுசன நினைவிலும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகச் சமணப் பெண் துறவியரைப் பற்றிய சான்றுகள் காப்பியங்களிலும் கல்வெட்டுகளிலும் கிடைக்கின்றன. காப்பியம் காட்டும் கவுந்தியடிகள் கற்றோரும் மற்றோரும் அறிந்த பாத்திரம். கி.பி. 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான கல்வெட்டுகள் குறிப்பிடும் ‘குரத்தியர்’ ஆய்வுலகிற்கு வெளியே அறியப்படாதவர். கழுகுமலை, சிதறால், வேடல், விளாப்பாக்கம் ஆகிய இடங்களின் கல்வெட்டுச் செய்திகளைக் காப்பியச் சித்திரத்தோடு ஒப்பிட்டு, வெகுசனப் பண்பாடு எதனைத் தக்கவைத்தது, எதனை இழந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குரத்தி, கவுந்தியடிகள், பெண்பள்ளி, கழுகுமலை, குண்டலகேசி, சமணம்

முன்னுரை

தமிழகத்தில் சமண சமயத்தின் வரலாறு பெரும்பாலும் ஆண் துறவியரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. குகைத்தளங்களில் தங்கிய முனிவர், இலக்கணமும் காப்பியமும் இயற்றிய ஆசிரியர், மன்னரோடு தொடர்புடைய குருமார் ஆகியோரே அதில் முன்னிற்கின்றனர். பெண் துறவி என்றால் சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் ஒருவரே நினைவுக்கு வருகிறார். ஆனால் கல்வெட்டுகள் காட்டும் நிலை வேறு. அங்கே பெண் துறவியர் பலர். அவர்களுக்கு ஆசிரியர் உண்டு, மாணாக்கியர் உண்டு, ஊர்ப்பெயர் உண்டு, கொடையளிக்கும் ஆற்றலும் உண்டு. இவ்விரு சித்திரங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி பெண்கல்வி வரலாற்றோடும் நேரடியாகத் தொடர்புடையது.

சொல்லும் பொருளும்

‘குரத்தி’ என்னும் சொல் ‘குரு’ என்பதன் பெண்பாலாக, ‘பெண் ஆசிரியர்’ என்னும் பொருளில் கல்வெட்டுகளில் வழங்குகிறது. மலைவாழ் குறவர் குடிப் பெண்ணைக் குறிக்கும் ‘குறத்தி’ என்பதிலிருந்து இது வேறானது. இடையின ரகரத்திற்கும் வல்லின றகரத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கருதாமல் படிப்போர் இவ்விரண்டையும் ஒன்றாக மயங்க இடமுண்டு. அவ்வாறு மயங்கினால் ஓர் ஆசிரியப் பட்டமே மறைந்துவிடும். ‘குரத்தியார்’, ‘குரத்திகள்’, ‘குரத்தி அடிகள்’ என மதிப்புப் பன்மை விகுதியோடும் அடைமொழியோடும் இச்சொல் வருவது, அது பட்டப்பெயராகவே நின்றது என்பதை உறுதிசெய்கிறது.

இலக்கிய வழக்கில் கவுந்தி, கந்தி, ஐயை ஆகிய சொற்கள் தவப்பெண்ணைக் குறிக்கின்றன. சீவகசிந்தாமணியில் திருத்தக்கதேவர் பாடாத செய்யுட்களைக் ‘கந்தியார்’ சேர்த்தார் என்னும் மரபும் உண்டு. அம்மரபின் உண்மை எதுவாயினும், தமிழ்ச் சமணச் சூழலில் பெண் துறவி ஒருவர் பெருங்காப்பியத்துள் தம் செய்யுளை வைக்கக்கூடியவர் என்று கருதப்பட்டதை அது உணர்த்துகிறது.

கல்வெட்டுகளில் குரத்தியர்

தூத்துக்குடி மாவட்டம் கழுகுமலையில் பாறைச் சரிவில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட குறுங்கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் பதிப்பிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் செய்வித்த திருமேனி என்ற அளவிலேயே அமைகிறது. இச்சுருக்கத்திற்குள்ளும் குரத்தியர் பலர் இடம்பெறுகின்றனர். திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார் என ஊர்ப்பெயரால் அவர்கள் அடையாளம் பெறுகின்றனர். தந்தை பெயராலோ கணவன் பெயராலோ அறியப்படாமல், தம் ஊராலும் ஆசிரிய மாணாக்கர் உறவாலும் அறியப்படும் பெண்களை இங்கே காண முடிகிறது.

இவற்றுள் ‘திருச்சாரணம்’ என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையாகும். அங்குள்ள ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கி குரத்திகள் திருச்சாரணத்துப் பகவதிக்குப் பொன்னணி வழங்கியதைக் குறிப்பிடுகிறது. துறவியாகிய பெண் பொன்னணி வழங்கும் நிலையில் இருந்தார் என்பது சிந்திக்கத்தக்கது. துறவு, உடைமையை முற்றாகத் துறத்தல் என்னும் நூல்நெறிக்கும், கொடைகளைத் திரட்டி வழிபாட்டிடத்திற்குச் செலுத்தும் நடைமுறைக்கும் இடையில் குரத்தியர் செயற்பட்டனர் எனக் கருதலாம். சிதறால் குரத்தியரின் பெயர் கழுகுமலையிலும் காணப்படுவது, மலைப்பள்ளிகளுக்கிடையே அவர்கள் பயணம் செய்து தொடர்பு பேணியதைக் காட்டுகிறது.

வடதமிழகத்தில் கிடைக்கும் சான்றுகள் நிறுவன வாழ்வை மேலும் தெளிவாக்குகின்றன. வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடலில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தது எனக் கருதப்படும் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியாருக்கும் அவருடைய மாணாக்கியர் ஐந்நூற்றுவருக்கும் பாதுகாப்பும் உணவும் அளிக்க உள்ளூர் மக்கள் உறுதி ஏற்றதை அது பதிவுசெய்கிறது. அவர்களுக்கும் நானூற்றுவர் கொண்ட மற்றோர் அணிக்கும் பிணக்கு நேர்ந்ததே இவ்வுறுதிமொழிக்குக் காரணம். ஐந்நூறு என்பது சரியான கணக்காக இல்லாமல் மரபுத்தொகையாக இருக்கலாம். அவ்வாறு கொண்டாலும், பெருந்திரளான மாணாக்கியரை ஒரு பெண் ஆசிரியர் வழிநடத்தினார் என்பதும், அவர்களுடைய உணவும் காப்பும் ஊரின் பொறுப்பாக ஏற்கப்பட்டன என்பதும் மாறுவதில்லை. பிணக்கு நேர்ந்ததே, அவ்வமைப்பு ஊரில் பொருட்படுத்தத்தக்க வலிமை பெற்றிருந்ததற்குச் சான்றாகும்.

ஆர்க்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டுக் (கி.பி. 945) கல்வெட்டு உள்ளது. திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய பட்டினிக் குரத்தி அடிகள் கிணறு ஒன்று தோண்டுவித்ததையும், அக்கிணறும் மனையும் ‘பெண்பள்ளி’யாக அமைந்ததையும் அது தெரிவிக்கிறது. கிணறு இங்கே கருதத்தக்கது. நீரில்லாமல் பள்ளி நிலைபெறாது. கிணறு தோண்டுவித்தவர் பள்ளியின் நிலைபேற்றையும் எண்ணியவராவார். ‘பெண்பள்ளி’ என்னும் தமிழ்ச்சொல் பத்தாம் நூற்றாண்டிலேயே பெண்களுக்கெனத் தனித்த உறைவிடத்தைக் குறித்து வழங்கியது என்பது பெண்கல்வி வரலாற்றை எழுதுவோர் தவறவிடக்கூடாத செய்தியாகும்.

திகம்பரர் கொள்கைப்படி பெண் பிறவியில் வீடுபேறு இல்லை. தமிழகச் சமணம் பெரிதும் திகம்பர மரபைச் சார்ந்தது. அவ்வாறிருக்கப் பெண்கள் ஆசிரியப் பட்டம் பெற்றது எவ்வாறு என்னும் வினா எழுகிறது. பெண்ணுக்கும் வீடுபேறு உண்டு எனக் கொண்ட யாபனீயப் பிரிவின் செல்வாக்கை பி. பி. தேசாய் இதற்குக் காரணமாகக் கருதினார். ஆயினும் ஆண் படாரரின் மாணாக்கியராகவே குரத்தியர் பலர் குறிக்கப்படுவதால், கொள்கை வேறுபாடு ஒன்றைக் கொண்டு மட்டும் இந்நிலையை விளக்க இயலாது. கொள்கையில் மறுக்கப்பட்ட இடத்தை உள்ளூர்ச் சமூகத்தின் ஆதரவு நடைமுறையில் வழங்கியிருக்கலாம். பத்தாம் நூற்றாண்டுக்குப் பின் குரத்தியர் பற்றிய குறிப்புகள் அருகுவதும் அந்த ஆதரவுத்தளம் சுருங்கியதோடு இணைத்து நோக்கத்தக்கது.

காப்பியத்தில் கவுந்தி

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் நாடுகாண் காதையில் கதைக்குள் வருகிறார். மதுரையில் அறம் கேட்கும் விருப்புடன், பிச்சைப் பாத்திரமும் மயிற்பீலியும் கொண்டு கோவலன் கண்ணகியோடு புறப்படுகிறார். வழியில் உள்ள சிற்றுயிர்களுக்குத் தீங்கு நேராமல் நடக்கும் முறையை அவர்களுக்கு உணர்த்துகிறார். இவை சமணத் துறவு நெறிக்கு முற்றும் பொருந்துவன.

ஆயினும் இரு நிகழ்ச்சிகளில் அந்நெறி சோதனைக்குள்ளாகிறது. வழியில் எதிர்ப்பட்ட இருவர் கண்ணகியையும் கோவலனையும் இழிவாகப் பேச, அடிகள் அவர்களை நரிகளாகுமாறு சபிக்கிறார். கோவலனும் கண்ணகியும் வேண்டியபின் சாபத்திற்குப் பன்னிரு திங்கள் எல்லை வகுக்கிறார். கொல்லாமையைப் போற்றும் துறவியின் நாவிலிருந்து சினம் பிறப்பதை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. அடுத்து, மதுரைப் புறஞ்சேரியில் ஆயர்குல மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். பற்றறுத்தவர் ஒரு பெண்ணுக்குப் பொறுப்பேற்கும் இடம் இது. அடைக்கலம் பொய்த்தபோது அதன் விளைவையும் அவரே ஏற்கிறார். கோவலன் கொலையுண்டது அறிந்து அவர் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியை நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனிடம் கூறுகிறான்.

கல்வெட்டுக் குரத்தியரோடு ஒப்பிடுகையில் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. கவுந்தியடிகள் தனித்தவர். அவருடைய மாணாக்கியரையோ அவர் தலைமையேற்ற பள்ளியையோ காப்பியம் காட்டவில்லை. கதையின் தேவைக்கேற்ப அவர் இளந்தம்பதியருக்குத் துணையாகவும் சான்றாகவும் நிற்கிறார். நிறுவனத்தின் தலைவியாகிய பெண் துறவியைக் கல்லும், வழித்துணையாகிய பெண் துறவியைக் காப்பியமும் நமக்கு வழங்கியுள்ளன.

வாதிடும் துறவியர்

பெண் துறவியின் அறிவாற்றலை முன்னிறுத்தும் காப்பிய மரபும் தமிழில் உண்டு. மணிமேகலை பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டுத் தெளிந்து, அறவண அடிகளிடம் பௌத்த அறம் கேட்டு நோன்பேற்கிறாள். பாலி மரபில், தன்னைக் கொல்ல முனைந்த கள்வனாகிய கணவனை மலையுச்சியிலிருந்து வீழ்த்தியபின் முதலில் சமணத் துறவியாகி, பின்னர் பௌத்தத்தைத் தழுவியவள் குண்டலகேசி. அவள் பெயரால் அமைந்த தமிழ்க் காப்பியம் சில செய்யுட்கள் நீங்கலாக மறைந்துவிட்டது. அதற்கு எதிராக எழுந்த சமண நூலாகிய நீலகேசியில், நீலகேசி பௌத்தரையும் பிற சமயத்தாரையும் வாதில் வெல்கிறாள். சமய வாதத்தின் இரு தரப்பிலும் பெண்களை நிறுத்தும் இம்மரபு, கல்விப்பெருக்கம் உடைய பெண் துறவியர் சமூகத்தில் அறியப்பட்டிராவிடில் நம்பத்தகுந்ததாக அமைந்திருக்காது. குரத்தியர் கல்வெட்டுகள் அந்நம்பகத்தன்மைக்குப் பின்புலம் தருகின்றன.

வெகுசனப் பண்பாட்டில் எஞ்சியவை

இருபதாம் நூற்றாண்டில் ஏட்டுச்சுவடிகள் அச்சேறியபின் இப்பெண்கள் மேடைக்கும் திரைக்கும் வந்தனர். 1950இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’ குண்டலகேசிக் கதையிலிருந்து உருவானது. அதன் உயிர்நாடி மலையுச்சிக் காட்சியே. கணவனை வீழ்த்திய பெண்ணின் துணிவு தமிழ்ப் பார்வையாளர் நெஞ்சில் பதிந்தது. நாவலோ நாவல் என வாதுக்கு அழைத்துத் திரிந்த துறவியின் பிற்கால வாழ்வு அவ்வாறு பதியவில்லை.

1964இல் வெளிவந்த ‘பூம்புகார்’ திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் கவுந்தியடிகளாக நடித்தார். அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன் ‘ஔவையார்’ படத்தில் அவர் ஏற்ற வேடம் மக்கள் மனத்தில் நிலைத்திருந்தது. ஆகவே கவுந்தியடிகளைத் திரையில் கண்டோர், அறிவுரை கூறும் மூதாட்டியாக அவரை எளிதில் ஏற்றுக்கொண்டனர். ‘ஔவை’ என்னும் சொல்லுக்கே மூதாட்டி, தாய் என்பவற்றோடு தவப்பெண் என்னும் பொருளும் உண்டு என்பதால் இவ்விணைவு முற்றிலும் பொருந்தாதது அன்று. ஆனால் அதன் விளைவாகக் கவுந்தியின் சமண அடையாளம் பின்தங்கி, பொதுவான பாட்டி வடிவம் முன்வந்தது.

மணிமேகலையின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அவள் கையிலிருந்த அமுதசுரபி 1948இல் தொடங்கிய திங்களிதழின் பெயராயிற்று. பசிப்பிணி தீர்க்கும் செயலுக்குக் குறியீடாயிற்று. அவள் கேட்ட தருக்கமும் ஏற்ற துறவும் பாடநூல் எல்லைக்குள் நின்றுவிட்டன.

சிதறால் மலையிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்துள்ளது. சமணப் பள்ளியாக இருந்த இடம் பிற்காலத்தில் பகவதி கோயிலாக வழிபடப்படுகிறது. தெய்வம் தொடர்கிறது; அத்தெய்வத்திற்குப் பொன்னளித்த குணந்தாங்கி குரத்திகளின் பெயர் பாறையில் மட்டுமே எஞ்சியுள்ளது.

முடிவுரை

கல்வெட்டுகளின் குரத்தியர் ஆசிரியராகவும் கொடையாளராகவும் பள்ளித் தலைவியராகவும் விளங்கினர். காப்பியம் அவர்களுள் ஒருவகையினரைத் தனித்த துணைவியாகச் செதுக்கியது. வெகுசனப் பண்பாடு அத்துணைவியையும் சமயம் நீங்கிய மூதாட்டியாக மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு படியிலும் குறைந்துவந்தது பெண்களின் நிறுவன வாழ்வு பற்றிய நினைவே.

தமிழகப் பெண்கல்வியின் வரலாற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து தொடங்கும் வழக்கத்தை இச்சான்றுகள் மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றன. வேடலும் விளாப்பாக்கமும் அவ்வரலாற்றின் முற்பகுதியில் இடம்பெற வேண்டியவை. குரத்தியர் கல்வெட்டுகள் அனைத்தையும் ஊர், ஆசிரியர், மாணாக்கியர், கொடை என்னும் அடிப்படையில் தொகுத்து, பள்ளிகளுக்கிடையிலான தொடர்பை வரைபடமாக்குவது அடுத்த கட்ட ஆய்வுக்கு உரிய பணியாகும். அத்தொகுப்பு அமையுமாயின், கவுந்தியடிகள் தனித்துத் தோன்றிய கற்பனைப் பாத்திரமாக அல்லாமல், பள்ளிகளில் வாழ்ந்த பெண் துறவியர் மரபோடு தொடர்புடையவராக வாசிக்கப்படும் வாய்ப்பு உருவாகும்.