காரணமும் பழியும்: குழந்தைகளின் மிகையியக்கக் கோளாறு குறித்த பெயர் வரலாறு

முன்னுரை

ஓரிடத்தில் அமர இயலாமை, தொடங்கிய செயலை முடிக்க இயலாமை, எண்ணிப் பாராது செயல்படுதல் ஆகிய இயல்புகள் வயதுக்குரிய அளவைக் கடந்து, குழந்தையின் கல்வியையும் உறவுகளையும் பாதிக்கும் நிலையை இன்றைய மருத்துவம் ஏ.டி.எச்.டி. என்னும் சுருக்கப்பெயரால் குறிக்கிறது. தமிழில் இது 'கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு' என வழங்கப்பெறுகிறது. இதற்குக் காரணம் மரபா, சூழலா என்னும் வினா நூறாண்டுக்கும் மேற்பட்டது. ஒவ்வொரு காலத்திலும் இடப்பெற்ற பெயர், காரணம் எங்குள்ளதாகக் கருதப்பட்டது என்பதோடு, பழி யார்மேல் சென்றது என்பதையும் காட்டுகிறது. அப்பெயர்களின் வழியே இவ்வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒழுக்கக் குறையும் மூளைச் சேதமும்

ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798இல் வெளியிட்ட மனநோய் பற்றிய நூலில், கவனம் ஒன்றில் நிலைகொள்ளாத நிலை பிறவியிலேயே அமையலாம், நோயாலும் வரலாம் என்று குறித்தார். குழந்தைகளை முன்னிறுத்திய விரிவான விளக்கம் 1902இல்தான் வந்தது. லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டில் ஆற்றிய சொற்பொழிவுகள் அவை. அறிவாற்றலில் குறையில்லாத குழந்தைகளிடமும் இந்நிலை காணப்படுவதையும், சிறுவரிடையே மிகுதியாக இருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். அவர் தேடியது உடல்சார் காரணத்தை. இட்ட பெயரோ 'ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை'. ஆய்வு மருத்துவத்தைச் சார்ந்ததாக இருக்க, பெயர் அறவியலைச் சார்ந்ததாக அமைந்துவிட்டது.

முதல் உலகப் போர்க் காலத்தில் தோன்றி 1920களிலும் நீடித்த உறக்க மூளையழற்சி என்னும் கொள்ளைநோய் இக்கருத்தை மாற்றியது. அதில் உயிர்பிழைத்த குழந்தைகள் பலர் அடங்காத துடிப்பும் கட்டுப்பாடின்மையும் உடையோராயினர். மூளை பாதிப்புற்றால் இந்நடத்தை தோன்றும் என்னும் இவ்வுண்மை, இந்நடத்தை இருந்தால் மூளை பாதிப்புற்றிருக்கும் எனத் தலைகீழாகக் கொள்ளப்பட்டது. 'நுண்ணிய மூளைச் சேதம்' என்னும் பெயர் இவ்வாறு நிலைபெற்றது. நடத்தையை மட்டும் கொண்டு சேதத்தை ஊகித்தல் தவறு என்னும் மறுப்பு வலுத்தமையால், 1960களில் 'சேதம்' என்பது 'செயற்குறை' ஆயிற்று.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1968இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூல் இதனை 'எதிர்வினை' என்றது. சூழலுக்குக் குழந்தை காட்டும் விளைவு என்னும் பொருள் இதில் தொனிக்கக் காணலாம். 1980ஆம் ஆண்டுப் பதிப்பு கவனத்தைப் பெயரின் முதன்மைக் கூறாக்கியது. இன்றைய பெயர் 1987இல் அமைந்தது.

மரபு பற்றிய சான்றுகள்

1970களில் நிகழ்ந்த தத்துக் குழந்தைகள் பற்றிய ஆய்வுகள், வளர்த்த பெற்றோரைவிடப் பெற்றெடுத்த பெற்றோரிடமே இவ்வியல்பு மிகுந்திருப்பதைச் சுட்டின. பின்வந்த இரட்டையர் ஆய்வுகள் மரபுவழிப் பங்கைச் சராசரியாக ஏறத்தாழ 74 விழுக்காடு என மதிப்பிட்டன. இவ்வெண்ணைப் பொருள்கொள்வதில் கவனம் தேவை. ஒரு மக்கள்தொகையில் குழந்தைக்குக் குழந்தை காணப்படும் வேறுபாட்டில் மரபின் பங்கையே இது குறிக்கும். ஒரு குழந்தையின் நிலையில் முக்கால் பங்கு மரபால் வந்தது என்பது இதன் பொருளன்று.

ஒற்றை மரபணு எதுவும் இதற்குக் காரணமன்று என்பது இன்று தெளிவாகியுள்ளது. 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு 12 மரபணு இடங்களை இனங்கண்டது; 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 27ஆக உயர்ந்தது. இவை ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிது.

சமூகம் பற்றிய சான்றுகள்

பெற்றோரிடையே கடும் பிணக்கு, வறுமை, பெரிய குடும்பம், தந்தையின் குற்றச்செயல், தாயின் மனநோய், பெற்றோரைப் பிரிந்து வளர்தல் ஆகிய ஆறும் ஒன்றோடொன்று சேரும்போது குழந்தையின் மனநலத்துக்கு இடர் பெருகுவதை 1970களில் பிரிட்டன் மருத்துவர் மைக்கேல் ரட்டர் நிறுவினார். ஆயின், இத்தகைய தொடர்பு காரணமாகாமலும் இருக்கலாம். கருவுற்ற தாய் புகைபிடித்தல் முன்பு முதன்மைக் காரணமாகப் பேசப்பட்டது. ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்ட ஸ்வீடன் ஆய்வில் அத்தொடர்பு பெரிதும் மறைந்தது. குடும்பத்தில் ஏற்கெனவே உள்ள மரபே சூழல்போலத் தோற்றமளித்திருக்கிறது.

சூழலே காரணமாவதற்கு வலிய சான்று ருமேனியாவிலிருந்து கிடைத்தது. 1989இல் சௌசெஸ்கு ஆட்சி வீழ்ந்தபின், பிரிட்டன் குடும்பங்களுக்குத் தத்து வந்த 165 குழந்தைகளை ரட்டர் குழுவினர் தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கொடிய புறக்கணிப்பு நிலவிய காப்பகங்களில் வளர்ந்தவர்கள். ஆறு திங்களுக்கு மேல் அங்கிருந்தோரிடம் கவனமின்மையும் மிகையியக்கமும் மிகுந்திருந்தன; நல்ல குடும்பத்தில் வளர்ந்தும் இளமைப்பருவம் வரை அவை நீடித்தன.

நோயெனத் தீர்மானிப்பதிலும் சமூகத்திற்குப் பங்குண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 9 இலட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு இதனை விளக்கும். அங்குப் பள்ளிச் சேர்க்கையின் எல்லை டிசம்பர் 31 ஆகும். எனவே டிசம்பரில் பிறந்தோர் வகுப்பில் மிக இளையோராவர். சனவரியில் பிறந்தோரினும் இவர்களுள் சிறுவர் 30 விழுக்காடும் சிறுமியர் 70 விழுக்காடும் மிகுதியாக இக்கோளாறுடையோர் என அறியப்பட்டனர். வயதின் இளமையே நோயாகக் கணிக்கப்பட்டமை இதனால் புலனாகிறது.

தமிழ்ப் பெயர்

'கவனக்குறைவு' தமிழில் வெறும் பண்புச்சொல் அன்று. விபத்துச் செய்திகளில் 'ஓட்டுநரின் கவனக்குறைவால்' என எழுதும்போது அது குற்றஞ்சாட்டும் சொல்லாகிறது. கவனமாக இருந்திருக்க முடியும், இருக்கவில்லை என்பதே அதன் உட்பொருள். மருத்துவம் நூறாண்டு முயன்று கைவிட்ட ஒழுக்கப்பழி, மொழிபெயர்ப்பின் வழியே தமிழ்க் குழந்தைமேல் மீண்டும் ஏறுகிறது. ஆசிரியர் அதனைக் குழந்தையின் பிடிவாதமாகவும், சுற்றத்தார் தாயின் வளர்ப்புக் குறையாகவும் எடுத்துக்கொள்ள இச்சொல் இடந்தருகிறது. 'கவனம் நிலைகொள்ளாமை' போன்ற சொல் இப்பழியைத் தவிர்க்கும்.

முடிவுரை

ஒழுக்கம், மூளை, குடும்பம், மரபு என ஒவ்வொரு காலமும் ஒற்றைக் காரணத்தைத் தேடியது. அதற்கேற்பக் குழந்தையும் தாயும் மாறிமாறிப் பழி சுமந்தனர். இன்றைய சான்றுகள் உரைப்பது பல சிறு இடர்க்காரணிகளின் கூட்டுவிளைவை ஆகும். இடர்க்காரணி என்பது வாய்ப்பைக் கூட்டுவது, விதியைத் தீர்மானிப்பதன்று. இவ்வேறுபாட்டைத் தாங்கும் சொற்களை ஆக்கித் தருவது தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் கடமையாகும்.